தெரு வன்முறையும் அருகிருப்போர் பொறுப்பும்: சென்னை மேற்குப் புறநகரை முன்வைத்து ஒரு சட்டவியல், சமூகவியல் நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

பொது இடத்தில் ஒருவர் தாக்கப்படும் ஒவ்வொரு நிகழ்வுக்குப் பின்னும், ‘அருகிருந்தோர் ஏன் தடுக்கவில்லை?’ என்னும் வினா எழுகிறது. இவ்வினா அருகிருப்போரின் மனத்துணிவை மட்டுமே அளக்கிறது. இந்தியச் சட்டம் தற்காப்புரிமையைத் தாக்கப்படுபவருக்கு மட்டுமன்றி அவருக்காகத் தலையிடும் அயலாருக்கும் வழங்கியுள்ளது. ஆயினும், தலையிட்டவர் பின்னர்க் காவல் நிலையத்திலும் நீதிமன்றத்திலும் எதிர்கொள்ளும் நிலையைக் குறித்து அதே சட்டம் மிகக் குறைவாகவே பேசுகிறது. அருகிருப்போரின் தயக்கத்திற்கான காரணங்களுள் முதன்மையானது இவ்விடைவெளியில் உள்ளது என்பதை, அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஆகிய மேற்குப் புறநகர்ப் பகுதிகளின் சூழலையும் சென்னையிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் நிகழ்ந்த வழக்குகளையும் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச் சொற்கள்: தற்காப்புரிமை, அருகிருப்போர், தெரு வன்முறை, சாட்சியப் பாதுகாப்பு, மேற்குப் புறநகர், பாரதிய நியாய சன்ஹிதா.

முன்னுரை

2016ஆம் ஆண்டு ஜூன் 24ஆம் நாள் காலை, சென்னை நுங்கம்பாக்கம் ரயில் நிலைய நடைமேடையில் பணிக்குச் செல்லக் காத்திருந்த மென்பொருள் பொறியாளரான இளம்பெண் ஒருவர் அரிவாளால் வெட்டிக் கொல்லப்பட்டார். நடைமேடையில் பயணிகள் பலர் இருந்தனர். கொலையாளி தப்பிச் சென்றார். உடல் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் அங்கேயே கிடந்தது. நிலையத்தில் கண்காணிப்புக் கேமரா இல்லை. சென்னை உயர் நீதிமன்றம் இந்நிகழ்வைக் குறித்துத் தன் கவலையை வெளிப்படுத்தியது. அடுத்த சில வாரங்களில் நாளிதழ்களும் தொலைக்காட்சிகளும் மிகுதியாக விவாதித்தது, நின்றிருந்தோரின் மௌனத்தைத்தான்.

அம்மௌனத்தை ‘நகர மக்களின் இரக்கமின்மை’ என்று விளக்குவது எளிது. அவ்விளக்கம் இரண்டு கூறுகளைக் கவனத்தில் கொள்வதில்லை. ஒன்று, தலையிடுவதற்குச் சட்டம் தரும் இடம். மற்றொன்று, தலையிட்ட பின் நேர்வன. இவ்விரண்டையும் சேர்த்து நோக்கும்போது அருகிருப்போரின் நடத்தை வேறு வகையில் பொருள்படுகிறது. ‘அருகிருப்போர்’ என்னும் சொல் இக்கட்டுரையில், தாக்குதலில் தொடர்பின்றி அவ்விடத்தில் இருக்க நேர்ந்த பயணிகள், கடைக்காரர்கள், ஓட்டுநர்கள், நடத்துநர்கள், வழிப்போக்கர்கள் ஆகியோரைக் குறிக்கிறது.

1. ஆய்வுக்களம்

சென்னையின் மேற்குப் புறநகர், தொழிற்சாலைகளாலும் ரயில் பாதையாலும் உருவான பகுதி. ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலையும் அம்பத்தூரில் தொழிற்பேட்டையும் 1960களில் தொடங்கப்பட்டன. சென்னை சென்ட்ரல் – அரக்கோணம் புறநகர் ரயில் தடத்தில் கொரட்டூர், பட்டரவாக்கம், அம்பத்தூர், திருமுல்லைவாயில், அண்ணனூர், ஆவடி, இந்துக் கல்லூரி, பட்டாபிராம், திருநின்றவூர் என நிலையங்கள் தொடர்கின்றன. பணிநேர மாற்றத்தில் இரவிலும் விடியலிலும் நிலையத்திலிருந்து வீட்டுக்கு நடக்கும் தொழிலாளர்கள், கல்லூரி மாணவர்கள், வெளிமாநிலத்தவர் ஆகியோர் இத்தடத்தின் அன்றாடப் பயணிகள். ஒருவரையொருவர் நாள்தோறும் பார்த்தும் பெயரறியாதவர்களாக இவர்கள் பயணம் செய்கின்றனர்.

இத்தடத்திலும் பூந்தமல்லி நெடுஞ்சாலையிலும் தெரு வன்முறை சில குறிப்பிட்ட வடிவங்களில் தோன்றுகிறது. நகை, கைபேசி பறிப்பு. பெண்களைப் பின்தொடர்தலும் சீண்டலும். முன்பகையால் நிகழும் அரிவாள் தாக்குதல். ‘ரூட்டு’ என்று வழங்கும் பேருந்து, ரயில் தடங்களின் பெயரால் கல்லூரி மாணவரிடையே எழும் மோதல் ஆகியன அவை. 2019 ஜூலையில் பூந்தமல்லி நெடுஞ்சாலையில் உள்ள அரும்பாக்கத்தில், நகரப் பேருந்தில் பயணிகள் முன்னிலையில் மாணவர்கள் அரிவாளுடன் மோதிய காட்சி கைபேசிப் பதிவாகப் பரவியது. அருகிருப்போர் படம் பிடித்தனர் என்பது அப்போது குறையாகச் சொல்லப்பட்டது. அப்பதிவின் சான்று மதிப்பு பின்னர்ப் பேசப்படும்.

இப்பகுதியின் நிர்வாக எல்லைகளும் கருதத்தக்கவை. அம்பத்தூர் 2011 முதல் பெருநகரச் சென்னை மாநகராட்சியைச் சேர்ந்தது. அங்குள்ள காவல் நிலையமோ 2022 ஜனவரி 1 அன்று செயற்படத் தொடங்கிய ஆவடி காவல் ஆணையரகத்தின் கீழ் வருகிறது. ஆவடி 2019 முதல் தனி மாநகராட்சி. பூந்தமல்லி நகராட்சி. ரயில் நிலைய வளாகத்தில் நிகழ்வது ரயில்வே காவல் துறைக்குரியது. படியிறங்கித் தெருவுக்கு வந்தால் உள்ளூர்க் காவல் நிலையத்துக்குரியது. வழிப்போக்கர் ஒருவருக்கு இவ்வெல்லைகள் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. ‘எங்கே சொல்வது?’ என்னும் குழப்பமும் தயக்கத்தின் ஒரு பகுதியே.

2. தற்காப்புரிமை: தனக்கும் பிறருக்கும்

தற்காப்பு என்னும் சொல் ‘தன்னைக் காத்தல்’ என்னும் பொருளையே தருகிறது. சட்டம் தரும் உரிமை அதனினும் விரிந்தது. இந்திய தண்டனைச் சட்டத்தின் 96 முதல் 106 வரையிலான பிரிவுகள் இவ்வுரிமையை வகுத்தன. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் அவை 34 முதல் 44 வரையிலான பிரிவுகளாக, பொருளில் பெரிய மாற்றமின்றித் தொடர்கின்றன. பிரிவு 35இன்படி ஒருவர் தம் உடலையும் வேறு எவருடைய உடலையும் காக்கலாம். அவ்வேறொருவர் உறவினராகவோ அறிமுகமானவராகவோ இருக்க வேண்டும் என்னும் வரையறை இல்லை. நடைமேடையில் நிற்கும் அயலாருக்கும் இது முழுமையாகப் பொருந்துகிறது.

இவ்விரிவு தற்செயலானதன்று. மெக்காலே தலைமையிலான முதல் சட்ட ஆணையம் 1837இல் அளித்த தண்டனைச் சட்ட வரைவின் குறிப்புகள், இந்திய மக்கள் கொள்ளைக் கூட்டத்தாரின் கொடுமையை எதிர்க்காமல் பொறுத்துக்கொள்வதைக் கவலைக்குரியதாகக் கருதின. எனவே எதிர்க்கும் உணர்வைத் தூண்டும் வகையில் இவ்வுரிமையைத் தாராளமாக வகுக்க விரும்பின. காலனிய அரசின் இழிவுநோக்கு அக்குறிப்பில் வெளிப்படையாகவே உள்ளது. ஆயினும், ‘அருகிருப்போர் தலையிடுவதில்லை’ என்னும் குறை இன்றைய நகர வாழ்வில் புதிதாகத் தோன்றியதன்று என்பதையும், அதற்குத் தீர்வாகவே இவ்வுரிமை விரிவாக வகுக்கப்பட்டது என்பதையும் அது காட்டுகிறது.

கொலை, கொடுங்காயம், வன்புணர்வு, ஆட்கடத்தல், அமில வீச்சு முதலிய ஏழு சூழல்களில் தாக்குபவரின் உயிர் போகும் அளவிற்கும் இவ்வுரிமை நீள்கிறது எனப் பிரிவு 38 கூறுகிறது. இவற்றுள் அமில வீச்சு 2013ஆம் ஆண்டுத் திருத்தத்தால் சேர்க்கப்பட்டது. தாக்கப்படுபவர் முதலில் தப்பியோட முயன்றிருக்க வேண்டும் என்னும் கட்டாயம் இந்தியச் சட்டத்தில் இல்லை என உச்ச நீதிமன்றம் ஜெய்தேவ் வழக்கில் 1962இல் விளக்கியது. ஆபத்தின் நடுவில் நிற்பவர் தம் எதிர்ப்பை நுட்பமாக அளந்து செலுத்த வேண்டும் என எதிர்பார்க்கலாகாது என 2010ஆம் ஆண்டின் தர்ஷன் சிங் வழக்குத் தொகுத்துரைத்தது.

இவ்விதி ஏட்டளவில் நின்றுவிடவில்லை என்பதற்கு அண்மைப் பகுதியிலேயே சான்று உண்டு. 2021 ஜனவரித் தொடக்கத்தில், செங்குன்றத்தை அடுத்த சோழவரத்தில் 19 வயதுப் பெண் ஒருவரைக் கத்திமுனையில் ஓர் ஆடவர் வன்புணர முயன்றார். அப்பெண் கத்தியைப் பறித்துத் தாக்கியதில் அவர் உயிரிழந்தார். அப்பெண்ணே காவல் நிலையம் சென்று நடந்ததைக் கூறினார். திருவள்ளூர் மாவட்டக் காவல் துறை இதனைத் தற்காப்பு எனக் கண்டு அவரை விடுவித்தது. 2012இல் மதுரையில், மகளை வன்கொடுமையிலிருந்து காக்கக் கணவரைத் தாக்கிக் கொன்ற பெண்ணையும் காவல் துறை இதே விதியின்கீழ் விடுவித்தது. முன்னது தன்னைக் காத்தல்; பின்னது பிறரைக் காத்தல். சட்டம் இரண்டையும் ஒரே தட்டில் வைத்தது.

3. உரிமையின் எல்லை

2018 மார்ச் 9 அன்று சென்னை கே.கே. நகரில், கல்லூரியிலிருந்து வெளியே வந்த மாணவி ஒருவர் பின்தொடர்ந்து வந்த இளைஞரால் கத்தியால் குத்திக் கொல்லப்பட்டார். இங்கு அருகிருந்தோர் வாளாவிருக்கவில்லை. தாக்கியவரைப் பிடித்து, அடித்து, காவலரிடம் ஒப்படைத்தனர். நுங்கம்பாக்கத்தையும் கே.கே. நகரையும் ஒப்பிட்டுப் பின்னதைப் பாராட்டும் போக்கு அப்போது காணப்பட்டது. சட்ட நோக்கில் அங்கு இரண்டு செயல்கள் உள்ளன. அவற்றைப் பிரித்தறிய வேண்டும்.

பிடித்து ஒப்படைத்தல் சட்டம் ஏற்கும் செயல். தம் கண்முன் பிணையில் விட இயலாத, பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றம் செய்பவரைத் தனியாள் எவரும் பிடிக்கலாம் எனப் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் பிரிவு 40 கூறுகிறது. பிடித்தவரைத் தேவையற்ற காலத்தாழ்வின்றி, ஆறு மணி நேரத்திற்குள் காவலரிடம் ஒப்படைக்க வேண்டும் என்னும் கால வரம்பு இச்சட்டத்தில் புதிதாகச் சேர்க்கப்பட்டது. பிடிபட்டு, ஆயுதம் இழந்து நிற்பவரை அடித்தல் வேறு. நியாய சன்ஹிதாவின் பிரிவு 37 தேவைக்கு மேற்பட்ட தீங்கைத் தற்காப்பாக ஏற்பதில்லை. ஆபத்துக்கான அச்சம் தொடங்கும்போது தொடங்கும் இவ்வுரிமை, அவ்வச்சம் நீங்கும்போது முடிந்துவிடுகிறது என்பது பிரிவு 40இன் பொருள். அதற்குப் பின் விழும் அடி பழிவாங்கல். அடித்தவரே குற்றவாளியாகும் நிலை வரலாம். தற்காப்பு என்னும் விலக்கை நிறுவும் பொறுப்பும் அதனைக் கோருபவருக்கே உரியது.

எனவே, தலையிட எண்ணும் ஒருவர் தாக்குபவரின் ஆயுதத்தை மட்டும் எதிர்கொள்வதில்லை. தம் செயல் எந்நொடியில் உரிமையின் எல்லையைக் கடக்கிறது என்னும் ஐயத்தையும் எதிர்கொள்கிறார்.

4. தயக்கத்தின் உளவியல்

அருகிருப்போர் குறித்த ஆய்வு 1964இல் நியூயார்க்கில் நிகழ்ந்த ஒரு கொலையிலிருந்து தொடங்கியது. 38 பேர் பார்த்தும் ஒருவரும் உதவவில்லை எனச் செய்தித்தாள் எழுதியது. அதனையொட்டி லதானே, டார்லி என்னும் உளவியலாளர்கள் 1968இல் வெளியிட்ட சோதனைகள், கூடியிருப்போர் மிகும்போது ஒவ்வொருவரும் உணரும் பொறுப்புக் குறைகிறது என்றன. ‘வேறு யாராவது செய்வார்கள்’ என்னும் எண்ணம் அனைவரிடத்தும் எழுவதே இதற்குக் காரணம். அந்த 38 சாட்சிகள் என்னும் கதை மிகைப்படுத்தப்பட்டது என்பதை மானிங், லெவின், காலின்ஸ் ஆகியோர் 2007இல் எடுத்துக்காட்டினர். ஃபிஷரும் உடனாய்வாளரும் 2011இல் செய்த தொகுப்பாய்வு, ஆபத்து வெளிப்படையாகத் தெரியும் சூழலில் இவ்விளைவு வலுவிழக்கிறது எனக் கண்டது.

இவற்றினும் குறிப்பிடத்தக்கது, ஃபில்பாட்டும் உடனாய்வாளரும் 2019இல் வெளியிட்ட ஆய்வு. ஆம்ஸ்டர்டாம், லங்காஸ்டர், கேப்டவுன் ஆகிய மூன்று நகரங்களின் கண்காணிப்புக் கேமராக்களில் பதிவான 219 பொது இட மோதல்களை அவர்கள் நோக்கினர். பத்தில் ஒன்பது மோதல்களில் அருகிருந்தோருள் ஒருவரேனும் தலையிட்டிருந்தார். கூட்டம் மிகும்போது தலையிடுபவர் ஒருவரேனும் இருக்கும் வாய்ப்பும் மிகுந்தது. தலையீடு என்பது பெரும்பாலும் கைகலப்பாக இல்லை. இடையில் நிற்றல், தோளைத் தொட்டு அமைதிப்படுத்தல், ஒருவரை அப்பால் அழைத்துச் செல்லல் போன்ற சிறு செயல்களாகவே இருந்தது.

இம்முடிவை அரிவாள் தாக்குதலுக்கு அப்படியே பொருத்த இயலாது. பேருந்தில் நிகழும் சீண்டலுக்கும் வாய்த்தகராறுக்கும் அது நன்கு பொருந்தும். சில நொடிகளில் முடிந்துவிடும் ஆயுதத் தாக்குதலில் வெறுங்கையுடன் குறுக்கிடாமை கோழைத்தனம் ஆகாது. ஆனால் அத்தாக்குதலுக்கு முன்னும் பின்னும் நீண்ட நேரம் உண்டு. பின்தொடர்தலும் மிரட்டலும் முன்னே நிகழ்கின்றன. காயமுற்றவர் கிடக்கும் நேரமும், சாட்சி சொல்லும் ஆண்டுகளும் பின்னே வருகின்றன. நுங்கம்பாக்கத்தில் வெட்டு விழுந்த கணத்தினும், அதன்பின் கழிந்த இரண்டு மணி நேரமே அருகிருப்போர் பொறுப்பைப் பற்றிய சரியான வினாவை எழுப்புகிறது.

5. பொறுப்பைப் பெயரிட்ட தமிழ்நாட்டுச் சட்டம்

பொறுப்புப் பரவிப்போவதே சிக்கல் எனின், அதனைக் குறிப்பிட்டவர்மேல் சுமத்துவது ஒரு தீர்வு. தமிழ்நாடு இவ்வழியை ஏற்கெனவே மேற்கொண்டுள்ளது. 1998 ஜூலையில், சென்னை எத்திராஜ் மகளிர் கல்லூரி மாணவி ஒருவர் ஆட்டோவில் வந்த இளைஞர்களின் சீண்டலால் கீழே விழுந்து உயிரிழந்தார். அதனைத் தொடர்ந்து அவசரச் சட்டமும், பின்னர் அதே ஆண்டில் சட்டமும் இயற்றப்பட்டன. இன்று அது தமிழ்நாடு பெண்களுக்குத் தொல்லை விளைவித்தலைத் தடை செய்யும் சட்டம் எனப்படுகிறது. 2025 ஜனவரியில் சட்டப் பேரவை அதன் தண்டனைகளைக் கடுமையாக்கும் திருத்தத்தை நிறைவேற்றியது.

தண்டனைப் பிரிவு பரவலாக அறியப்பட்டுள்ளது. இச்சட்டத்தின் மற்றொரு கூறு அவ்வாறு அறியப்படவில்லை. கல்வி நிறுவனம், கோயில், பேருந்து நிறுத்தம், ரயில் நிலையம், திரையரங்கு முதலிய இடங்களின் பொறுப்பாளர்கள் தொல்லையைத் தடுக்க நடவடிக்கை எடுக்க வேண்டும். பேருந்தில் பெண் முறையிட்டால் ஓட்டுநரும் நடத்துநரும் வண்டியை அருகிலுள்ள காவல் நிலையத்துக்குக் கொண்டு செல்ல வேண்டும். ‘யாராவது’ என்னும் சொல்லின் இடத்தில் ‘நடத்துநர்’ என்னும் சொல்லைச் சட்டம் வைத்தது. பயணிகளின் பணியும் இதனால் எளிதாகிறது. தாக்குபவருடன் மோதுவதற்கு மாறாக, வண்டியைக் காவல் நிலையத்துக்கு விடச் சொல்லிக் குரல் கொடுத்தாலே போதும்.

இச்சட்டத்தின் வழி வந்த வழக்கொன்றில்தான் அருகிருப்போரைப் பற்றி உச்ச நீதிமன்றம் நேரடியாகப் பேசியது. 1999 ஜூலையில் தென்காசியில் பேருந்துக்குக் காத்திருந்த தம்பதியரிடம் காவலர் ஒருவர் முறைகேடாக நடந்துகொண்டார் என்பது குற்றச்சாட்டு. குற்றவியல் வழக்கில் முதன்மைச் சாட்சிகள் பிறழ்ந்தனர், காவலர் விடுதலையானார். துறை விசாரணையில் அவர் பணிநீக்கம் செய்யப்பட்டதை உயர் நீதிமன்றம் நீக்கியது. 2012 நவம்பர் 30 அன்று உச்ச நீதிமன்றம் உயர் நீதிமன்றத் தீர்ப்பை நீக்கிப் பணிநீக்கத்தை நிலைநிறுத்தியது. பேருந்து, ரயில் நிலையங்களில் சாதாரண உடையில் பெண் காவலர், கண்காணிப்புக் கேமரா, உதவி எண் ஆகியவற்றுடன், கடந்து செல்வோரும் இத்தகைய நிகழ்வைக் கண்டால் காவல் நிலையத்துக்கோ உதவி எண்ணுக்கோ தெரிவிக்க வேண்டும் என்பதையும் அத்தீர்ப்பு வழிகாட்டுதலாக வகுத்தது. பாதிக்கப்பட்டோரே நீதிமன்றத்தில் உறுதியாக நிற்க இயலாத வழக்கில் இவ்வழிகாட்டுதல் பிறந்தது என்பது சிந்திக்கத்தக்கது.

6. மீட்பவரும் சாட்சியும்

சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதையில் கோவலனின் முற்செயல்களை மாடலன் எடுத்துரைக்கிறான். மதங்கொண்ட யானையின் பிடியிலிருந்து முதிய அந்தணனைக் கோவலன் மீட்டது ஒன்று. பொய்ச்சான்று கூறிய ஒருவன் பூதத்தின் பாசத்தில் அகப்பட்டபோது, அவனுக்கீடாகத் தன் உயிரைத் தர முன்வந்தது மற்றொன்று. புகாரின் தெருவில் ஆபத்தில் சிக்கியவரை மீட்டலும், சான்று பொய்த்தலின் கேடும் ஒரே காதையில் அடுத்தடுத்து இடம்பெறுகின்றன. பொதுப் பண்பாட்டு நினைவில் யானையை அடக்கும் வீரம் நிலைத்துள்ளது. சான்றாண்மை அந்த அளவிற்கு வீரமாகக் கருதப்படுவதில்லை. இன்றைய விவாதங்களும் மீட்பவரைத் தேடுகின்றன, சாட்சியை மறந்துவிடுகின்றன.

சட்டமும் இதே சாய்வைக் கொண்டுள்ளது. சாலை விபத்தில் அடிபட்டவருக்கு உதவுபவரைக் காக்க உச்ச நீதிமன்றம் 2016 மார்ச் 30 அன்று வழிகாட்டுதல்களை ஏற்றது. 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ பிரிவு சேர்க்கப்பட்டது. நல்லெண்ணத்துடன் உதவியவர்மேல் வழக்கில்லை. பெயரைத் தெரிவிக்குமாறு அவரைக் கட்டாயப்படுத்தலாகாது. இப்பாதுகாப்பு விபத்துக்கு மட்டுமே உரியது. அதே பூந்தமல்லி நெடுஞ்சாலையில் லாரி மோதிக் கிடப்பவரைத் தூக்குபவருக்கு உள்ள சட்டக் காப்பு, வெட்டுப்பட்டுக் கிடப்பவரைத் தூக்குபவருக்கு இல்லை. காயமுற்றவருக்குக் காவல் நடைமுறைக்காகக் காத்திராமல் சிகிச்சை அளிக்க வேண்டும் என 1989ஆம் ஆண்டின் பரமானந்த் கட்டாரா தீர்ப்பு மருத்துவரைப் பணித்தது. கொண்டுவந்து சேர்த்தவரின் நிலையைக் குறித்த தனிச் சட்டம் வன்முறை நிகழ்வுகளுக்கு இன்னும் வரவில்லை.

சாட்சியைப் பொறுத்தவரை, 2018 டிசம்பர் 5 அன்று மகேந்தர் சாவ்லா வழக்கில் உச்ச நீதிமன்றம் சாட்சிகள் பாதுகாப்புத் திட்டத்தை ஏற்று அதற்குச் சட்ட வலிமை அளித்தது. சுரக்ஷா சன்ஹிதாவின் பிரிவு 398 ஒவ்வொரு மாநில அரசும் இத்தகைய திட்டத்தை அறிவிக்க வேண்டும் என்கிறது. அச்சுறுத்தலின் அளவைக் கணித்து, அடையாளத்தை மறைத்தல் முதல் இடமாற்றம் வரை பாதுகாப்பு வழங்க இத்திட்டம் வழிசெய்கிறது. ஆனால் அதற்கென விண்ணப்பம் அளிக்கப்பட வேண்டும். தாக்கியவரும் பார்த்தவரும் ஒரே ரயிலில் நாள்தோறும் பயணிக்கும் புறநகரில், சாட்சியின் அச்சம் விண்ணப்பத்திற்கு முன்பே தொடங்கிவிடுகிறது.

7. நடைமுறைக்கான கூறுகள்

மேற்கண்டவற்றிலிருந்து, வன்முறையின் மூன்று கட்டங்களுக்கேற்ப அருகிருப்போர் செயல்களை வகுக்கலாம்.

தாக்குதலுக்கு முன்: பின்தொடரப்படும் பெண்ணிடம் நேரம் கேட்பது போல் பேச்சுக் கொடுத்தல், அருகில் சென்று நிற்றல், கடைக்குள் அழைத்தல். தாக்குபவரை நேரடியாக எதிர்க்காமலேயே அவரது வாய்ப்பை இவை குறைக்கின்றன.

தாக்குதலின்போது: ஆயுதம் இருப்பின் தொலைவு காத்தல், உரத்த குரல் எழுப்புதல், பொதுவாகக் கூவாமல் ‘நீல நிறச் சட்டை அணிந்த ஐயா, 112ஐ அழையுங்கள்’ எனக் குறிப்பிட்ட ஒருவரிடம் பணியை ஒப்படைத்தல். ரயில் வளாகமாயின் 139. படம் பிடித்தல் இங்குப் பயனுள்ள செயலே. அதனைச் சமூக ஊடகத்தில் பரப்பாமல் காவல் துறையிடம் சேர்க்கும்போதுதான் அது சான்றாகிறது.

தாக்குதலுக்குப் பின்: குருதிப்போக்கைத் துணியால் அழுத்தி நிறுத்தல், 108ஐ அழைத்தல், காயமுற்றவரைத் தனியே விடாதிருத்தல். எல்லைக் குழப்பம் இனித் தடையாக வேண்டியதில்லை. குற்றம் எங்கு நிகழ்ந்திருப்பினும் எந்தக் காவல் நிலையமும் தகவலைப் பதிவு செய்ய வேண்டும் எனச் சுரக்ஷா சன்ஹிதாவின் பிரிவு 173 கூறுகிறது. அம்பத்தூர் நடைமேடையில் கண்டதை ஆவடியில் இறங்கியும் சொல்லலாம்.

கல்லூரிகளில் நடத்தப்படும் தற்காப்புப் பயிற்சிகள் பெரும்பாலும் சிலம்பம், கராத்தே போன்ற உடற்பயிற்சிகளாக அமைகின்றன. அவற்றுடன் பிரிவு 35, 37 ஆகியவற்றின் பொருளும், மேற்கூறிய மூன்று கட்டச் செயல்களும் கற்பிக்கப்பட வேண்டும். பேருந்து நடத்துநருக்கும் ரயில் நிலையப் பணியாளருக்கும் 1998ஆம் ஆண்டுச் சட்டம் விதித்த கடமை அவர்தம் பணிப்பயிற்சியின் பகுதியாக வேண்டும்.

முடிவுரை

அருகிருப்போர் தலையிடாமைக்கு இரக்கமின்மையைக் காரணமாகக் காட்டும் விளக்கம், கள ஆய்வுகளாலும் கே.கே. நகர் போன்ற நிகழ்வுகளாலும் வலுவிழக்கிறது. அயலாரைக் காக்கும் உரிமையை 1860ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டமே வழங்கிவிட்டது. அவ்வுரிமையைப் பயன்படுத்தியவரும், கண்டதைச் சொல்ல முன்வருபவரும் பின்னர் அடையும் பாதுகாப்பு மிகப் பிற்காலத்திலேயே சட்ட வலிமை பெறத் தொடங்கியது. அதுவும் விபத்துக்கு ஒருவகையாகவும் வன்முறைக்கு வேறுவகையாகவும் உள்ளது. சாலை விபத்தில் உதவுபவருக்கு உள்ள சட்டக் காப்பை வன்முறையில் உதவுபவருக்கும் நீட்டித்தல், சாட்சியின் விண்ணப்பத்திற்குக் காத்திராமல் காவல் துறையே அச்சுறுத்தலை மதிப்பிடுதல் ஆகிய இரண்டும் உடனடித் தேவைகளாகும். நடைமேடையில் நின்றோர் ஏன் அசையவில்லை எனக் கேட்கும் சமூகம், அசைந்தவருக்கு அடுத்த நாள் என்ன நேர்ந்தது என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். மேற்குப் புறநகர் ரயில் தடத்தின் அன்றாடப் பயணிகளிடம் இவ்விரண்டாம் வினாவை முன்வைத்து நிகழ்த்தப்படும் கள ஆய்வு, இத்துறையில் அடுத்து மேற்கொள்ளத்தக்கதாகும்.